எட்டு வாரம்

ஜெலுத்தோங் சாலைக் கடையில்
பிறந்தநாள் எழுதுவது என் வேலை.

செவ்வாய் இரவு பாலம் தாண்டி வேன் வரும்.
டுரியான் வாடை போகாத கூடைகளில்
ஒன்றன்மேல் ஒன்றாகக் குட்டிகள்.
பிஷ்ணு ஈறைத் தடவிப் பார்த்து
"லீமா மிங்கு, காக்" என்பான்.
ஐந்து வாரம்.
நான் அட்டையில் எட்டு என்று எழுதுவேன்.

எட்டுக்குக் கீழே என்றால் கேள்வி கேட்பார்கள்,
பன்னிரண்டைத் தாண்டினால் திரும்பியும் பார்க்கமாட்டார்கள்.
தவுக்கே சொல்லித்தந்த கணக்கு.
தேதியை மூன்று வாரம் பின்னால் தள்ளினால் போதும்.
பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய கை இது.
இரண்டு சுழி, ஒன்றின் தலைமேல் ஒன்று,
எட்டு என்னிடம் எப்போதும் அழகாக விழும்.

கண்ணாடிக்குள் பழைய தமிழ்ப் பத்திரிகை விரிப்பேன்.
கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில், யாரோ ஒருவர் மீசையின்மேல்
பொமரேனியன் ஒன்று சிறுநீர் கழித்துவிட்டு
அங்கேயே மூக்கை வைத்துத் தூங்கும்.
வெள்ளிக்கிழமைத் தாளில் முருகன் படம் இருக்கும்;
அன்றைக்கு மட்டும் சீனப் பத்திரிகை.

ஒரு ஞாயிறு, பாயான் லெப்பாஸ் ஆலையில்
ஓவர்டைம் பார்த்த பணத்தோடு ஒருவர் வந்தார்.
கூட வந்த மகளுக்கு ஏழு வயதிருக்கும்.
இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி. பாதி ரொக்கம், மீதி தவணை.
பதினோராம் நாள் தனியாக வந்தார்.
சண்டைக்குத்தான் என்று பிஷ்ணு உள்ளே போய்விட்டான்.
பார்வோ, என்றார். டாக்டர் முயன்று பார்த்தாராம்.
பிறகு சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார்.
ஃபிரிட்ஜ் காந்தத்தின் வட்டம் அதில் பதிந்திருந்தது.
"மொத்தம் எத்தனை நாள் இருந்துச்சுன்னு
பிள்ளை எண்ணிக்கிட்டு இருக்கா.
இந்தத் தேதி சரிதானேம்மா?"

சரிதான் சார், என்றேன்.

இல்லாத இருபத்தொரு நாளை
அந்தக் குழந்தை இப்போதும் கூட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்த மாதம், கணக்கெடுக்க ஆள் வேண்டும் என்று
வேனில் என்னையும் ஏற்றினார்கள்.
புக்கிட் மெர்தாஜாம் தாண்டி
செம்பனைக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை.
அம்மாக்கள் அங்கே இருந்தன.
ஒன்றுக்கும் அட்டை இல்லை.
கம்பிவலைமேல் நின்று நின்று பாதம் விரிந்திருந்தது.
ஒன்று கதவிடுக்கில் என் கையை முகர்ந்தது,
காலையில் புட்டிப்பால் கொடுத்துவிட்டு வந்த கை.
முகர்ந்ததும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தது.
பிறகு விரல் விரலாக நக்கியது,
விரலுக்கும் விரலுக்கும் நடுவில் தேடியது,
மோதிரத்தைப் பல்லால் மெல்லத் தள்ளி
அதற்கடியிலும் பார்த்தது.

எதிர் அஞ்சடியில் மேசை போட்டு
ஹுய் மின் என்ற பெண் கையெழுத்து வாங்குகிறாள்:
கடைகளில் குட்டி விற்பதைத் தடை செய்ய வேண்டும்.
தேநீர் நேரத்தில் போய்க் கேட்டேன்,
தடை வந்தால் உள்ளே மிச்சமிருப்பவை எங்கே போகும்?
செம்பனைக்கு நடுவே இருப்பவை?
யோசித்தாள். முழுசாகத் தெரியாது, என்றாள்.
அந்தப் பதிலுக்காகவே பேனாவை வாங்கினேன்.
வாங்கி, பெயர் எழுதாமல் திருப்பிக் கொடுத்தேன்.
அறை வாடகை ஐந்நூற்றைம்பது.
தவுக்கேயின் ஜன்னல் நேர் எதிரே.

இன்று செவ்வாய்.
மழையால் வேன் பாலத்தில் மாட்டிக்கொண்டு
பதினொன்றுக்குத்தான் வந்தது.
முதல் கூடை. பிஷ்ணு ஈறைத் தடவினான்.
"லீமா."
ஐந்து என்றே எழுதினேன்.
பழக்கமில்லாத எண். வயிறு மூடாமல் நின்றது.
சாலையைப் பார்த்தபடி கண்ணாடியில் ஒட்டினேன்.
பிஷ்ணு அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது கூடையைத் தூக்கிவந்தான்.

தவுக்கே காலை பத்து மணிக்கு வருவார்.